ரங்கூன் கிளையும் கரூர் கிளையும்: வங்கிகள் ஏன் கடல் தாண்டுகின்றன?

1937 பிப்ரவரி 10. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் தொழில் தொடங்கிய நாள். காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கிளை திறந்தார்கள். அன்றைக்கு பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பெயரிலேயே 'ஓவர்சீஸ்' வைத்திருந்த வங்கிக்கு, சட்டப்படி பார்த்தால் வெளிநாட்டுக் கிளை ஒன்றுகூடக் கிடையாது. ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். மேஜை நாற்காலி நகரவில்லை, பேரேட்டில் ஒரு வரி மாறவில்லை. ஆனால் ரங்கூன் கிளை வெளிநாட்டுக் கிளையாகிவிட்டது.

வங்கிக்காரருக்கு வெளிநாடு என்பது கடலோ தூரமோ இல்லை. வேறு சட்டம், வேறு நாணயம், வேறு கோர்ட். சென்னையிலிருந்து கொழும்பு டெல்லியைவிடப் பக்கம். இருந்தும் கொழும்பில் கடன் கொடுத்தால் அதை வசூலிக்க இன்னொரு நாட்டு அரசின் தயவு வேண்டும். அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்?

ரங்கூன் கதையில் பதில் எளிது. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்றால் பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று எங்கேயோ லேவாதேவிக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மூன்று வருஷத் தவணை, பெட்டியடியில் (கணக்குப் பெட்டியின் முன்னால்) உட்கார்ந்து கணக்கு, தவணை முடிந்தால் ஐந்தொகை போட்டு ஊருக்குத் திரும்புதல். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று பர்மாவின் வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அன்றைய 75 கோடி! ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை அவர்களே நிர்ணயித்துக்கொண்டார்கள்.

இத்தனை பெரிய பணக்கூட்டத்துக்கு ஒரு குறை இருந்தது. நாணயம் மாற்றுவதும் கப்பல் சரக்குக்குப் பணம் கட்டுவதும் பெரும்பாலும் பிரிட்டிஷ் எக்ஸ்சேஞ்ச் பேங்குகள் கையில். அந்த இடத்தைப் பிடிக்கத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஐ.ஓ.பி.யைத் தொடங்கினார். புது ஊரில் புது ஆட்களைத் தேடிப் போன வங்கி இல்லை அது. ரங்கூனில் கவுண்டரைத் திறந்தபோது எதிரே நின்றவரின் தாத்தா பெயர், விலாசம், சொன்ன தேதியில் பணம் கட்டுவாரா மாட்டாரா என்பது வரை தெரியும். வங்கித் தொழிலில் இந்தத் தகவலுக்கு விலையே கிடையாது.

பிரிட்டிஷ் வங்கிகள் வந்ததும் இதே வழியில்தான். சார்ட்டர்டு பேங்க் 1853-ல் லண்டனில் பிறந்தது. 1858-ல் கல்கத்தா, பம்பாய், ஷாங்காயில் கிளை. எச்.எஸ்.பி.சி.யை 1865-ல் ஹாங்காங்கில் தொடங்கிவைத்த தாமஸ் சதர்லாந்து ஒரு கப்பல் கம்பெனிக்காரர். சரக்கு முன்னால் போனது, பின்னாலேயே வங்கி போனது. பாடப் புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. என்னைக் கேட்டால், கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பின்னாலேயே சீர் போகிற மாதிரி.

சரி, அதில் என்ன காசு? ஒரு கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஜெர்மனியில் ஹாம்பர்க் பையரிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர். பையரின் வங்கி எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) திறக்கிறது: 'சொன்ன பேப்பர்கள் எல்லாம் சொன்ன தேதிக்குள் வந்தால் பணம் கட்டுகிறோம்' என்ற உத்தரவாதம். அது திருப்பூர் வங்கிக்கு வந்ததும், தெரிவிப்பதற்கு ஒரு கட்டணம். எல்.சி.யைக் காட்டிக் கம்பெனி பேக்கிங் கிரெடிட் எடுக்கிறது, அதாவது சரக்கு தயாரிக்கக் கடன். நூல் வாங்க வேண்டும், நிட்டிங், டையிங், தையல் எல்லாவற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு வட்டி. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியதும் கப்பல் ரசீது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சேர்த்து வங்கியில் கொடுத்தால் பில்லை டிஸ்கவுண்ட் செய்து, அதாவது ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, பையர் கட்டும் முன்பே பணம் தருவார்கள். அதற்குக் கமிஷன். பேப்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தப் பக்கத்து வங்கி 'டிஸ்கிரெபன்சி' என்று சொல்லி ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். இதில் நொந்துபோகாத ஏற்றுமதிக்காரர் யாரும் இருக்க முடியாது. கடைசியில் டாலர் வந்து சேர்ந்ததும் ரூபாயாக மாற்றும்போது டாலருக்குப் பத்து பைசா வித்தியாசம் வைத்தால் அதிலேயே 10,000 ரூபாய்.

இந்தச் சில்லறை எல்லாம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். திருப்பூர் வங்கிக்கு நியூயார்க்கில் கிளை இல்லையென்றால் அங்குள்ள ஏதாவது ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கும். நாஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். அந்தப் பக்கத்துக் கட்டணம் அந்த வங்கிக்கு. சொந்தக் கிளை இருந்தால் அதில் ஒரு பங்கு வீட்டிலேயே தங்கும். டாலர் வட்டி குறைவாக இருக்கும் காலத்தில் சிங்கப்பூர் கிளையில் டாலர் திரட்டி, அதையே திருப்பூருக்கு டாலர் கடனாகக் கொடுக்கலாம். கம்பெனிக்கும் வட்டி மிச்சம். கட்டண வருமானத்தில் இன்னொரு சுகம்: அதில் பெரும்பகுதிக்கு யாருக்கும் நீண்ட காலக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சரக்கு கை மாறும் நேரத்தில் நடுவில் நின்றால் போதும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணமும் இதே ரகம். உலகிலேயே அதிகமாக வெளிநாட்டிலிருந்து பணம் வரும் நாடு இந்தியா. 2022-ல் அது 100 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் கட்டணம், நாணய மாற்று வித்தியாசம், என்.ஆர்.இ. டெபாசிட் (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே போடும் டெபாசிட்) என்று வங்கிக்கு மூன்று பக்கத்திலிருந்தும் வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்த வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து போன கதை. சில வங்கிகள் ஊர்ச் சட்டத்துக்குத் தப்பிக்கவும் போகும். 1960களில் அமெரிக்க வங்கிகள் லண்டனுக்குப் படையெடுத்ததை ஆங்கிலேயர் மேல் வந்த திடீர்ப் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் டெபாசிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 1963-ல் அமெரிக்கர்கள் வெளிநாட்டுப் பத்திரங்கள் வாங்கினால் கூடுதல் வரி என்றும் வந்தது. அதே டாலரை லண்டனில் வைத்துப் புழக்கினால் இரண்டு தொல்லையும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே புழங்கும் டாலருக்கான யூரோ டாலர் சந்தை பெருத்தது இப்படித்தான். சிங்கப்பூர் 1968-ல் இதைப் பார்த்து ஆசிய டாலர் சந்தை என்று ஒன்றைத் தொடங்கிக்கொண்டது.

இந்தியாவும் அதே வித்தையைத் தன் மண்ணிலேயே செய்து பார்த்தது. 2015-லிருந்து குஜராத்தில் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் இந்திய வங்கிகள் திறக்கும் பிரிவுகள் கிட்டத்தட்ட வெளிநாட்டுக் கிளைக்குச் சமம்; அங்கே டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தில்தான் வியாபாரம். 1937-ல் நகராமலேயே வெளிநாடான ரங்கூன் கிளை ஒரு பக்கம், காந்திநகர் பக்கத்தில் இருந்துகொண்டே வெளிநாடாக நடந்துகொள்ளும் இந்தக் கிளைகள் இன்னொரு பக்கம்.

மூன்றாவது ரகம்தான் வில்லங்கம். ஊரில் வாடிக்கையாளர் போதவில்லை, அதனால் முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போவது. இதற்கு ஐஸ்லாந்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை. நம்மூரில் ஒரு நடுத்தர நகரம். அங்கே இருந்த கௌப்திங், லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர் என்ற மூன்று வங்கிகள் சில வருஷங்களில் வெளிநாட்டில் வாங்கிக் குவித்து, நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல ஏறக்குறைய பத்து மடங்குக்கு வீங்கின. மற்ற வங்கிகளிடம் வாங்கிய கடன் போதாமல் போகவே, 2006-ல் லாண்ட்ஸ்பாங்கி 'ஐஸ்சேவ்' என்ற இணையச் சேமிப்புக் கணக்கோடு பிரிட்டனுக்குப் போனது. வட்டி உள்ளூர் வங்கிகளைவிட அதிகம். ஐஸ்லாந்தின் மொத்த ஜனத்தொகைக்குச் சமமான எண்ணிக்கையில் பிரிட்டனில் ஆட்கள் பணம் போட்டார்கள். பிரிட்டிஷ் நகராட்சிகள்கூட ஐஸ்லாந்து வங்கிகளில் வரிப்பணத்தைப் போட்டு வைத்திருந்தன.

2008 அக்டோபரில் மூன்று வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. பிரிட்டன் தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் அதிகாரத்தை எடுத்து லாண்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை முடக்கியது. நேட்டோ கூட்டாளி நாட்டு வங்கியின் மேல்!

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கௌப்திங்கும் பிரிட்டனில் அதே மாதிரி இணைய டெபாசிட் திரட்டியது. ஆனால் அங்கேயே பதிவான துணை நிறுவனத்தின் வழியாக. அதனால் அந்த டெபாசிட்டுகளுக்குப் பிரிட்டனின் காப்பீடு பொறுப்பு. கணக்குகளை வேறு வங்கிக்கு உடனே மாற்றிவிட்டார்கள். ஐஸ்சேவ் வெறும் கிளை. கிளை என்றால் தாய் வங்கியின் கை கால் மாதிரி; தனி உயிர் கிடையாது. பொறுப்பு முதலில் ஐஸ்லாந்தின் சின்னக் காப்பீட்டு நிதியின் தலையில் விழுந்தது. 'தனியார் வங்கி பட்ட கடனை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்' என்று ஐஸ்லாந்து மக்கள் இரண்டு முறை வாக்கெடுப்பில் மறுத்தார்கள். 2013-ல் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. கடைசியில் திவாலான வங்கியின் சொத்துகளை விற்றுத்தான் கடன் அடைந்தது. ரிசர்வ் வங்கி 2013-ல் வெளிநாட்டு வங்கிகளைப் பார்த்து 'துணை நிறுவனமாக வந்தால் உள்ளூர் வங்கிக்குக் கிட்டத்தட்டச் சமமான சலுகை' என்று சொன்னதற்குப் பின்னால் இந்த மாதிரிப் பாடங்கள் உண்டு.

வட்டி வித்தியாசத்தைத் தேடிப் போவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜப்பானில் பல வருஷம் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. 2016-லிருந்து 2024 வரை மைய வங்கியின் ஒரு வட்டி பூஜ்யத்துக்கும் கீழே. ஜனத்தொகையும் சுருங்குகிறது. இந்தியாவில் கடன் வட்டி ஒன்பது, பத்து சதவீதம். யென்னில் வாங்கி ரூபாயில் கொடுத்தால் கொள்ளை லாபம் என்று தோன்றும். ஆனால் ரூபாய் இறங்கினால்? டாலர் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 60 ரூபாயிலிருந்து 85-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆபத்துக்கு முன்கூட்டியே பாதுகாப்பு வாங்கினால் வட்டி வித்தியாசத்தில் பெரும்பகுதி அதற்கே சரியாகிவிடும். அதனால்தான் ஜப்பானிய வங்கிகள் கடனாகப் பணத்தைக் கொண்டுவருவதைவிட வங்கியின் பங்கையே வாங்கப் பார்க்கின்றன. எம்.யூ.எஃப்.ஜி. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் உள்ளூர் வங்கிகளை வாங்கியது. சுமிட்டோமோ மிட்சுயி 2025-ல் யெஸ் பேங்கில் 20 சதவீதப் பங்குக்கு ஒப்பந்தம் போட்டது.

பர்மாவுக்குத் திரும்பிப் போகலாம். வாடிக்கையாளரைத் தெரிந்துவைத்துக்கொண்டு போனவர்களுக்கு என்ன ஆயிற்று?

ஐ.ஓ.பி.க்குச் செட்டியாரைத் தெரியும். ஆனால் செட்டியாரிடம் கடன் வாங்கியவர் பர்மிய நெல் விவசாயி. ஈடு, ஐராவதிக் கழிமுகத்து வயல். 1930-ல் உலகம் முழுக்க விலை சரிந்தபோது நெல் விலை ஏறக்குறைய பாதியாயிற்று. கடன் கட்ட முடியவில்லை, வயல் கை மாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938 வாக்கில் அது 25 சதவீதம். செட்டியார்களுக்கு வேண்டியிருந்தது பணம், கிடைத்தது சேற்று வயல். பர்மியர் கண்ணில் தெரிந்ததோ கால்வாசி நிலத்தை அள்ளிக்கொண்ட அந்நியன். நியாயத்தை இரண்டு பக்கமும் பேசலாம், பேசியிருக்கிறார்கள். ஆனால் நிலத்தைக் கப்பலில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியாது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது, லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக வெளியேறினார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. ராணுவத் தளபதி நெ வின்னின் அரசு 1963-ல் வங்கிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது, ஐ.ஓ.பி.யின் ரங்கூன் கிளையும் அதில் போயிற்று. அதைப் பார்க்கச் சிதம்பரம் செட்டியார் இல்லை. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் காலமாகிவிட்டார்.

சிலோனில் கதை வேறு மாதிரி. அங்கே பிரிட்டிஷ் வங்கிகள் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அபூர்வம். செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பார். 1925-ல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் கடை விழுந்ததும் பிரிட்டிஷ் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. ஊருக்குள் கடனே வறண்டது. 'நமக்கென்று ஒரு வங்கி இல்லையே' என்ற குரல் ஓங்க, 1934-ல் வங்கி விசாரணைக் குழு. அதன் தலைவர் பம்பாயிலிருந்து போன சொராப்ஜி போச்கான்வாலா, சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவை நிறுவியவர். 1939-ல் இலங்கை வங்கி பிறந்தது. அது சும்மா இருந்ததா? 1949-ல் லண்டனிலும் 1995-ல் சென்னையிலும் கிளை திறந்தது.

மலேசியாவில் அடி டெல்லியிலிருந்து வந்தது. 1969-ல் இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வேறொரு நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே நடக்கக் கூடாது என்பது மலேசியச் சட்டம். ஐ.ஓ.பி., இந்தியன் பேங்க், யூகோ பேங்க் மூன்றும் தங்கள் மலேசியக் கிளைகளை ஒன்றுசேர்த்து யுனைடெட் ஏஷியன் பேங்க் என்று உள்ளூர் வங்கியாக மாற்ற வேண்டிவந்தது. டெல்லியில் போட்ட கையெழுத்துக்குப் பினாங்கில் போர்டை மாற்றினார்கள்.

இன்றைக்கும் இதே கோணல் வேறு வடிவில் வரும். 2018-ல் வெடித்த நீரவ் மோடி விவகாரத்தில், மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக உத்தரவாதக் கடிதங்கள் போயின. பஞ்சாப் நேஷனல் பேங்கின் சொந்தக் கணினிப் பதிவில் அவை ஏறவே இல்லை. அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களில் ஹாங்காங்கில் இருந்த மற்ற இந்திய வங்கிகளின் கிளைகளும் உண்டு. கேட்டது இந்திய வங்கி, கொடுத்தது இந்திய வங்கி, வாங்கியது இந்திய வைர வியாபாரி. 'நம்ம ஆள்தானே' என்ற அதே நெருக்கம்தான் இங்கே குழி தோண்டியது. மொத்தம் 13,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்தை ஒட்டி அரசு, பொதுத்துறை வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் எது தேறும், எது தேறாது என்று பொறுக்கியது. பல கிளைகளை மூடினார்கள்.

மூடிவிட்டுப் போவதும் இந்தத் தொழிலில் சகஜம். 1902-ல் கல்கத்தாவில் கடை போட்ட சிட்டி பேங்க், தன் கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் வாடிக்கையாளர்களை 2023 மார்ச்சில் சுமார் 11,600 கோடி ரூபாய்க்கு ஆக்சிஸ் பேங்கிடம் கொடுத்துவிட்டது. பெரிய கம்பெனிகளுக்கான பிரிவை மட்டும் விற்கவில்லை. உலகம் முழுக்கத் தன்னோடு கணக்கு வைத்திருக்கும் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு இந்தியாவிலும் ஆள் வேண்டுமே. 120 வருஷம் சுற்றி, வந்த வேலைக்கே திரும்பியிருக்கிறது.

எதிர்த்திசையில் வந்தது டி.பி.எஸ். சிங்கப்பூர் வங்கி, 1994-லிருந்து இந்தியாவில் இருந்தும் கிளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2019-ல் துணை நிறுவனமாக மாறியது. கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி வாராக் கடனில் மூழ்கி, 2020 நவம்பர் 17-ஆம் தேதி வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, அது டி.பி.எஸ். இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டி.பி.எஸ். உள்ளே போட்ட மூலதனம் 2,500 கோடி ரூபாய். டெபாசிட்தாரர் பிழைத்தார்கள், பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. அந்தக் கோபம் கரூர்ப் பக்கம் இன்னும் ஆறவில்லை என்பது வேறு விஷயம். டி.பி.எஸ்.ஸுக்குக் கிடைத்தது 550-க்கு மேற்பட்ட கிளைகள், பெரும்பாலும் தென்னிந்தியாவில். அத்தனை கிளைகளை ஒவ்வொன்றாகத் திறப்பதென்றால் ஒரு தலைமுறை ஆகியிருக்கும்.

அந்தக் கிளைகளோடு வந்தவர்களில் மேஜை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் கரூர்க்காரர்கள் உண்டு. எல்.சி., பேக்கிங் கிரெடிட், டாலர் மாற்று என்று அந்தத் திருப்பூர்க் கம்பெனிக்குச் சொன்ன அத்தனையும் அவர்களுக்கும் பொருந்தும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு பெட்டியடியோடு உட்கார்ந்து கடன் கொடுப்பார்கள். 1970களில் அவற்றை இடித்துவிட்டு உயரக் கட்டடங்கள் எழுப்பினார்கள். டி.பி.எஸ். தலைமையகம் இருக்கும் மரினா பே அங்கிருந்து நடந்து போகும் தூரம்.